புது டிஸ்க்குக்கு மாத்தின சிஸ்டம் ஏன் பூட் ஆக மாட்டேங்குது

மே மாசம் கடைசி, கிருஷ்ணகிரியில மாங்கா சீசன் முழு வேகத்துல ஓடிட்டு இருக்கு, காலையில ஆறரை மணிக்கே ஒரு மண்டியில இருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, ஆனா கருப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல ஒரு வரி வந்துட்டு அப்டியே நின்னுடுது, வெளிய பெங்களூரா ரக மாங்கா லோடு நாலு வண்டி நிக்குது, எடை போட்டு பில்லு குடுக்கணும், சீக்கிரம் வா." போய் பாத்தா நோ பூட்டபிள் டிவைஸ்னு, அதாவது பூட் ஆகறதுக்கு ஏத்த டிஸ்க்கே இல்லன்னு, வெள்ளை எழுத்துல ஒரே ஒரு வரி. அண்ணா, நேத்து எதாச்சும் மாத்தினீங்களான்னு கேட்டேன். "ஒன்னும் மாத்தல தம்பி, பழைய ஹார்ட் டிஸ்க்கு ஒன்னு உள்ள சும்மாதான கெடந்துச்சு, டக் டக்னு சத்தம் வேற போட்டுட்டு இருந்துச்சு, அதான் பையன விட்டு கழட்டி வெச்சிட்டேன், புது டிஸ்க்கு உள்ளயேதான் இருக்கு" அப்டின்னாரு.

மார்ச் மாசம் பெங்களூரு எஸ்பி ரோட்ல இருந்து ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுத்தற பாகம் இல்லாத வேகமான டிஸ்க், வாங்கிட்டு வந்து யாரோ ஒரு பையன் விண்டோஸ மாத்தி குடுத்திருக்கான், ரெண்டு மாசம் நல்லா ஓடியிருக்கு. அப்போ விண்டோஸ் இருக்கறது எஸ்எஸ்டில, கழட்டினது பழைய டிஸ்க்க, ஆனா பூட் ஆகல. இது எப்டின்னு புரிஞ்சிக்கிட்டா, டிஸ்க் மாத்தினதுக்கு அப்புறம் வர்ற பிரச்சனையில முக்காவாசிய ஃபார்மட் அடிக்காமலே சரி பண்ணிடலாம், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எனக்கு இதுல ஒரு ஆதங்கமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். பாலக்கோட்டுல எங்க சித்தி ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி டிஸ்க் மாத்தின சிஸ்டம் ஒருநாள் பூட் ஆகல, அவங்க எங்கிட்ட சொல்லாம ஒரு சர்வீஸ் கடையில குடுத்துட்டாங்க, அங்க டிஸ்க்கு போச்சுன்னு சொல்லி ஃபார்மட் அடிச்சு புது விண்டோஸ் போட்டு குடுத்துட்டாங்க. ஆறு வருஷமா எடுத்து வெச்சிருந்த கஸ்டமர் போட்டோ, கல்யாண பத்திரிகை டிசைன், எல்லாம் ஒரே அடியா போச்சு. அந்த டிஸ்க்கு போகல. ஃபார்மட் அடிக்கிற நிமிஷம் வரைக்கும் அதுல இருந்த ஒவ்வொரு ஃபைலும் பத்திரமா இருந்துச்சு. இத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

நெஜமா என்ன ஆகுதுன்னா, ஃபைலெல்லாம் புது டிஸ்க்குக்கு வந்துடுது, ஆனா அந்த ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வெச்சிருக்கற அட்ரஸ் பழசாவே இருக்கு. அதுவும் ஒரு எடத்துல எழுதி வெச்சதில்ல, மதர்போர்டு சிப்புல ஒன்னு, டிஸ்க்கோட தொடக்கத்துல ஒன்னு, பூட் மெனு ஃபைல்ல ஒன்னு, விண்டோஸ் மாதிரி ஓஎஸ் உள்ள ஒன்னுன்னு நாலஞ்சு எடத்துல இருக்கு, ஒன்னு அடுத்தத கைகாட்டும், அது அதுக்கு அடுத்தத கைகாட்டும். இதுல எந்த எடத்துல அறுந்திருக்குன்னு எரர் ஸ்கிரீனே சொல்லிடும், பாக்கத் தெரியணும், அவ்ளோதான்.

2004 பிப்ரவரி 9ஆம் தேதி தர்மபுரி மாவட்டத்துல இருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சுது. அதுக்கப்புறமும் எத்தனையோ வீட்ல பத்திரம், டிசி எல்லாத்துலயும் தர்மபுரி மாவட்டம்னுதான் இருந்துச்சு, அந்த அட்ரஸ்க்கு லெட்டர் போட்டாலும் வந்து சேந்துச்சு, ஏன்னா 635001ங்கற பின்கோடு மாறல, போஸ்ட்மேனுக்கும் ஊரு தெரியும். கம்ப்யூட்டர் உள்ள அப்டி ஊரு தெரிஞ்ச போஸ்ட்மேன் யாரும் கெடையாது. டிஸ்க்குக்கு ஒரு நம்பர், பார்ட்டிஷனுக்கு, அதாவது டிஸ்க்க பிரிச்ச ஒவ்வொரு பகுதிக்கும், ஒரு நம்பர், எழுதி வெச்ச நம்பரும் எதிர்ல இருக்கற நம்பரும் ஒரு எழுத்து ஒத்துப்போகலன்னாலும் வீடு பக்கத்துலயே இருந்தாலும் இல்லன்னு திருப்பி அனுப்பிடும்.

இப்போ பூட் ஆகற வழிய பாக்கலாம், ரெண்டு வழி இருக்கு, பழைய வழி, புது வழி. பழைய பயோஸ் (ஆன் பண்ணவொடனே மதர்போர்டு சிப்புல இருந்து ஓடற சின்ன ப்ரோக்ராம்) வழியில மதர்போர்டு டிஸ்க்கோட முதல் செக்டர, அதாவது மொத 512 பைட்ட மட்டும் படிக்கும். இதத்தான் எம்பிஆர்ங்கறாங்க, 1983ல வந்த டாஸ் 2.0 காலத்து சமாச்சாரம். அந்த 512ல 446 பைட் பூட் கோடு பகுதி, அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட்டுன்னு நாலே நாலு பார்ட்டிஷன்தான், கடைசி ரெண்டு பைட் 55 ஏஏன்னு ஒரு முத்திரை. அந்த முத்திரை இருந்தாத்தான் பயோஸ் அத பூட் டிஸ்க்குன்னே ஒத்துக்கும். அந்த கோடு, டேபிள்ல ஆக்டிவ்னு குறி போட்டிருக்கற பார்ட்டிஷன தேடி அதோட மொத செக்டர்க்கு போகும், அது விண்டோஸ் பூட் மேனேஜர எழுப்பும், அது பிசிடிங்கற பூட் மெனு ஃபைல படிச்சு விண்டோஸ் எந்த பார்ட்டிஷன்ல இருக்குன்னு பாத்து அங்க போகும். சி டிரைவ மட்டும் காப்பி பண்ணிட்டு வந்தா மொத செக்டர் வராது, ஆக்டிவ் குறியும் பல தடவ வராது, சி டிரைவ் முழுசா இருந்தும் சிஸ்டம் எழுந்திரிக்காது.

புது வழி யூஇஎஃப்ஐ, பழைய பயோஸுக்கு பதிலா வந்தது. 2012ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து வாங்கற பிராண்டட் சிஸ்டம் ஏறக்குறைய எல்லாமே இதுதான். இதுல டிஸ்க்கு ஜிபிடிங்கற புது பார்ட்டிஷன் டேபிள் முறையில இருக்கும், 128 பார்ட்டிஷன் வரைக்கும் எடம், டேபிளோட ஒரு காப்பி டிஸ்க்கோட கடைசியிலயும் இருக்கும். பூட் ஃபைல் வெக்கறதுக்குன்னே இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு ஒன்னு, சின்னது, பல சிஸ்டத்துல 100 எம்பிதான், ஃபேட்32ல ஃபார்மட் ஆகியிருக்கும், டிரைவ் லெட்டர் இல்லாததால மை கம்ப்யூட்டர்ல கண்ணுக்கே தெரியாது. மதர்போர்டு சிப்புக்குள்ள விண்டோஸ் பூட் மேனேஜர்னு ஒரு என்ட்ரி இருக்கும், அதுல அந்த குட்டி பார்ட்டிஷனோட நம்பரும் உள்ள இருக்கற ஃபைல் பாதையும் எழுதியிருக்கும். டிஸ்க் மாறி நம்பரும் மாறிட்டா அந்த என்ட்ரி செத்துப்போச்சு. அப்போ மதர்போர்டு கடைசியா ஒரு எடத்துல தேடும், இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள பூட்ங்கற ஃபோல்டர், அதுல பூட்எக்ஸ்64ங்கற ஃபைல். விண்டோஸ் அங்கயும் ஒரு காப்பி வெச்சிருக்கும், அதனாலதான் முழு டிஸ்க்கையும் ஒழுங்கா க்ளோன் பண்ணா, அதாவது அச்சு அசலா காப்பி எடுத்தா, பெரும்பாலும் தானா எழுந்துக்குது.

மண்டிக்கு வருவோம். பழைய டிஸ்க்க திருப்பி மாட்டினேன், விண்டோஸ் வந்துடுச்சு, டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறந்தேன், பாத்தவொடனே புரிஞ்சிடுச்சு. எஸ்எஸ்டில ஒரே ஒரு பார்ட்டிஷன், சி டிரைவ், அவ்ளோதான். இஎஃப்ஐ பார்ட்டிஷன் பழைய டிஸ்க்குல இருக்கு. அந்த பையன் சி டிரைவ மட்டும் எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணிட்டு, பழைய விண்டோஸ்ல இருந்தே பூட் மெனுவ மாத்தி எழுதியிருக்கான், அது இருந்த டிஸ்க்குல இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷன்லயே போய் எழுதிடுச்சு. ஆக ரெண்டு மாசமா தெனம் காலையில சாவி பழைய டிஸ்க்குல, வீடு புது டிஸ்க்குல. பழைய டிஸ்க்கு தானா செத்திருந்தா அன்னிக்கும் இதே கதைதான் ஆகியிருக்கும். பழைய டிஸ்க்க உள்ள வெச்சுக்கிட்டே எஸ்எஸ்டில புதுசா விண்டோஸ் போடறவங்களுக்கும் இதே மாதிரிதான் ஆகுது, இன்ஸ்டாலர் ஏற்கனவே இருக்கற இஎஃப்ஐ பார்ட்டிஷன பாத்து அங்கயே பூட் ஃபைல வெச்சிடும், எஸ்எஸ்டில தனியா உருவாக்காது. அதனால ஓஎஸ் போடும்போது மத்த டிஸ்க்கோட கேபிள கழட்டிட்டு போடறது ரொம்ப நல்லது.

சரி பண்ணது இப்டித்தான். வண்டிங்க நிக்கறதால மொதல்ல பழைய டிஸ்க்கோடவே பில்லு போட விட்டேன், பதினோரு மணிக்கு மேல கூட்டம் கொறஞ்சதும் டேலி கணக்கு டேட்டாவ ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்துட்டு, பழைய டிஸ்க்க கழட்டிட்டு, விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி, மொத ஸ்கிரீன்ல ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேத்து அழுத்தி கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்தேன். டிஸ்க்பார்ட்ங்கற பார்ட்டிஷன் டூலுக்குள்ள போயி லிஸ்ட் வால்யூம் குடுத்து பாக்கணும், இங்க ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், பென்டிரைவ்ல பூட் ஆனப்போ உங்க சி டிரைவ் சி-யாவே இருக்கும்னு சொல்ல முடியாது, டி-யா இருக்கலாம், ஈ-யா இருக்கலாம், சைஸையும் பேரையும் பாத்துத்தான் உறுதி பண்ணணும். அங்க அது டி-யா இருந்துச்சு. அந்த வால்யூம செலக்ட் பண்ணி ஷ்ரிங்க் குடுத்து கடைசியில இருந்து 500 எம்பி எடுத்தேன், அதுல 300 எம்பிக்கு க்ரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ, அத ஃபேட்32ல குயிக் ஃபார்மட், எஸ்னு ஒரு லெட்டர் குடுத்து வெளிய வந்தாச்சு. அடுத்து பிசிடிபூட்ங்கற கமாண்ட், அதுக்கு பின்னாடி விண்டோஸ் ஃபோல்டரோட பாதை, ஸ்லாஷ் எஸ் போட்டு பூட் ஃபைல் போக வேண்டிய லெட்டர், ஸ்லாஷ் எஃப் போட்டு யூஇஎஃப்ஐ. என்டர் தட்டினா ஒரே வரி பதில், பூட் ஃபைல்ஸ் சக்ஸஸ்ஃபுல்லி க்ரியேட்டட். ரீஸ்டார்ட் பண்ணா டேலி ஐக்கானோட டெஸ்க்டாப் வந்து நிக்குது, அண்ணா முகத்துல அப்போதான் சிரிப்பே வந்துச்சு. அந்த எஸ்எஸ்டி ஏற்கனவே ஜிபிடில இருந்ததால சுலபமா முடிஞ்சுது, எம்பிஆர்ல இருந்திருந்தா எம்பிஆர்2ஜிபிடிங்கற டூல்ல மாத்தணும், அது விண்டோஸ் 10லயே உள்ள இருக்கு, 2017ல வந்த 1703 வெர்ஷன்ல இருந்து.

இந்த எடத்துல பழக்கதோஷத்துல நெறைய பேர் பூட்ரெக் கமாண்ட எடுப்பாங்க, ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட்னு. ஃபிக்ஸ்எம்பிஆர் பழைய வழிக்கானது, யூஇஎஃப்ஐ சிஸ்டத்துல அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, ஃபிக்ஸ்பூட் குடுத்தா ஆக்சஸ் இஸ் டினைடுன்னு மூஞ்சில அடிக்கும், உடனே பயந்துபோயி டிஸ்க்கு லாக் ஆயிடுச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. அப்டி இல்ல. யூஇஎஃப்ஐன்னா நேரா பிசிடிபூட்டுக்கு போங்க.

கருப்பு ஸ்கிரீன் இல்லாம நீலக்கலர்ல ரெக்கவரின்னு தலைப்போட, உங்க பிசிய ரிப்பேர் பண்ணணும்னு வந்து, கீழ ஒரு எரர் கோடு 000இ-ன்னோ 225-ன்னோ முடிஞ்சா, சந்தோஷப்படுங்க. பூட் மேனேஜர் வரைக்கும் வந்தாச்சு, பிசிடி ஃபைலும் கெடச்சிடுச்சு, அதுல எழுதியிருக்கற விண்டோஸ் பார்ட்டிஷன் மட்டும்தான் கெடைக்கல. எம்பிஆர் டிஸ்க்குல இதுக்கு ஒரு வழக்கமான காரணம் இருக்கு. ஒவ்வொரு எம்பிஆர் டிஸ்க்குக்கும் மொத செக்டர்லயே நாலு பைட்ல ஒரு சிக்னேச்சர் நம்பர் உண்டு, பிசிடி அந்த நம்பர வெச்சுத்தான் டிஸ்க்க கண்டுபிடிக்குது. க்ளோன் பண்ணா அந்த நம்பரும் அப்டியே வரும், ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே நம்பர். ரெண்டையும் மாட்டி விண்டோஸ ஆன் பண்ணா ஒரே நம்பர்ல ரெண்டு பேர் இருக்காங்களேன்னு ரெண்டாவத ஆஃப்லைன்ல போட்டுடும், நாம போயி ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன்னு குடுப்போம், அந்த நொடியில விண்டோஸ் அந்த க்ளோன் டிஸ்க்குக்கு புது நம்பர் எழுதிடும். பிசிடிலயோ பழைய நம்பர். அப்புறம் பழைய டிஸ்க்க கழட்டிட்டு க்ளோன மட்டும் மாட்டினா நீல ஸ்கிரீன்தான். க்ளோன் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டு பழச கழட்டிட்டுத்தான் மொத தடவ ஆன் பண்ணணும்னு நான் எல்லார்கிட்டயும் படிச்சு படிச்சு சொல்றதுக்கு காரணம் இதுதான். ஆயிடுச்சுன்னா திரும்பவும் அதே பிசிடிபூட்தான், ஸ்லாஷ் எஃப்க்கு யூஇஎஃப்ஐக்கு பதிலா பயோஸ்னு குடுக்கணும், ஸ்லாஷ் எஸ்ல ஆக்டிவ் பார்ட்டிஷனோட லெட்டர்.

இன்னொரு விதமான அறுபடல் இருக்கு, அதுக்கும் அட்ரஸுக்கும் சம்பந்தம் இல்ல, அதனால தனியா சொல்றேன். விண்டோஸ் லோகோ வரும், வட்டம் சுத்தும், அப்புறம் இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்னு ப்ளூ ஸ்கிரீன், பழைய விண்டோஸ்ல 7பி-ன்னு வரும். இது டிரைவர் பிரச்சனை, அதாவது டிஸ்க்கோட பேசறதுக்கு விண்டோஸுக்கு வேண்டிய சின்ன ப்ரோக்ராம்ல. விண்டோஸ் எழுந்திரிக்கிற மொத நொடியில எந்த ஸ்டோரேஜ் டிரைவர தூக்கணும்னு ஒரு கணக்கு வெச்சிருக்கும், சாட்டாங்கற பழைய வகை டிஸ்க்குலயே இத்தன நாள் ஓடினதுக்கு, என்விஎம்இங்கற புது வேகமான வகை டிஸ்க்கோட டிரைவர் தேவப்படல, அத தூங்க வெச்சிருக்கும். புது என்விஎம்இ டிஸ்க்குல இருந்து கொஞ்ச தூரம் பயோஸ் உதவியில வந்துடும், அதுக்கப்புறம் தன் சொந்த காலுல நிக்க வேண்டிய எடத்துல டிரைவர் இல்ல, விழுந்துடும். இதுக்கு ஒரு தடவ சேஃப் மோட்ல எழுப்பினா போதும், சேஃப் மோட்ல விண்டோஸ் எல்லா ஸ்டோரேஜ் டிரைவரையும் தட்டி எழுப்பி பாக்கும், எது வேலை செஞ்சுதோ அத அடுத்த தடவைக்கு குறிச்சு வெச்சுக்கும். பயோஸ்ல டிஸ்க் ஓடற முறைய ரெய்டுல இருந்து ஏஹெச்சிஐக்கு மாத்தும்போதும் இதே வைத்தியம்தான், மாத்தறதுக்கு முன்னாடியே எம்எஸ்கான்ஃபிக்ங்கற விண்டோஸ் செட்டிங்ல சேஃப் பூட் டிக் பண்ணிட்டு ஆஃப் பண்ணுங்க, பயோஸ்ல மாத்துங்க, சேஃப் மோட்ல ஒரு தடவ வரட்டும், டிக்க எடுத்துட்டு ரீஸ்டார்ட். இன்டெல் 11ஆவது ஜெனரேஷன்ல இருந்து வர்ற பல லேப்டாப்புல விஎம்டின்னு ஒரு டிஸ்க் செட்டிங் பயோஸ்ல இருக்கும், பழைய லேப்டாப் டிஸ்க்க அப்டியே கழட்டி புதுசுல மாட்டி 7பி வாங்கறவங்க அத போய் பாருங்க. விண்டோஸ் 7 வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது, அதுல என்விஎம்இ டிரைவரே கூட வரல, தனியா ஹாட்ஃபிக்ஸ் போட்டாத்தான்.

சில சமயம் எந்த கமாண்டும் உதவாது. நம்ம பக்கம் ஹெச்61ங்கற பழைய மதர்போர்டு இன்னும் எத்தனையோ கடையில ஓடுது, ரெண்டாவது மூணாவது ஜெனரேஷன் பிராசஸரோட. அதுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுல மாட்டற அடாப்டரோட ஒரு என்விஎம்இ வாங்கி மாட்டி, க்ளோன் பண்ணி, பூட் ஆகலன்னு கொண்டு வருவாங்க. அந்த போர்டோட பயோஸுக்கு என்விஎம்இன்னா என்னன்னே தெரியாது, விண்டோஸ் ஓடும்போது டிஸ்க் அழகா தெரியும், ஆனா பூட் லிஸ்ட்ல பேர் வராது. பூட் ஃபைல மட்டும் ஒரு சாட்டா டிஸ்க்குல வெச்சு விண்டோஸ என்விஎம்இல வெக்கலாமேன்னு தோணும், அதுவும் நடக்காது, ஏன்னா விண்டோஸ் பூட் மேனேஜர் டிஸ்க்க படிக்கறதே பயோஸோட கண்ணாலதான். லினக்ஸ்ங்கற இன்னொரு ஓஎஸ்ல இது நடக்கும், கெர்னலையும் (அதோட மையப் பகுதி) இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (ஆரம்பத்துல வேண்டிய டிரைவரெல்லாம் இருக்கற ஃபைல்) சாட்டா டிஸ்க்குல வெச்சிட்டா அது எழுந்து தன்கிட்ட இருக்கற டிரைவர வெச்சே என்விஎம்இய தொறந்துக்கும். விண்டோஸ்தான் வேணும்னா அந்த போர்டுக்கு ரெண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கறதுதான் சரி, ஹார்ட் டிஸ்க்கோட ஒப்பிட்டா அதுவே பெரிய மாற்றமா தெரியும்.

யூஎஸ்பி கேஸ்ல (டிஸ்க்க வெளிய இருந்து மாட்டற டப்பா) புது டிஸ்க்க போட்டு க்ளோன் பண்றவங்களுக்கும் ஒன்னு சொல்லணும், இது ரொம்ப பேருக்கு தெரியாத குழி. சில யூஎஸ்பி கேஸ் உள்ள இருக்கற டிஸ்க்கோட செக்டர் சைஸ 512ல இருந்து 4096ன்னு மாத்தி காட்டும். ஜிபிடி டேபிள் ரெண்டாவது செக்டர்ல இருக்கும், 4096 கணக்குல எழுதினா அது டிஸ்க்கோட 4096ஆவது பைட்ல போய் ஒக்காரும், அதே டிஸ்க்க கழட்டி லேப்டாப் உள்ள மாட்டினா 512 கணக்குல 512ஆவது பைட்ல தேடும். அங்க ஒன்னும் இல்ல. டிஸ்க்கு காலின்னு காட்டும். டேட்டா ஒரு பைட் கூட போகல, ஆனா இனிஷியலைஸ் பண்ணவான்னு விண்டோஸ் கேக்கும், அங்க ஓகே குடுத்துடாதீங்க. திரும்ப அதே கேஸ்ல போட்டா எல்லாம் தெரியும். புது டிஸ்க்க உள்ள மாட்டிட்டு, பழச, செக்டர் சைஸ மாத்தாத ஒரு கேஸ்ல போட்டு, க்ளோன்ஸில்லா மாதிரி ஒரு க்ளோன் டூல் இருக்கற பென்டிரைவ்ல இருந்து க்ளோன் பண்ணா புது டிஸ்க்கு எந்த கணக்குல ஓடப்போகுதோ அதே கணக்குலயே எழுதப்படும்.

பிட்லாக்கர், அதாவது டிஸ்க்க கீ போட்டு பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி, இருந்தா வேலைய ஆரம்பிக்கும் முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணிடுங்க, 48 இலக்க ரெக்கவரி கீய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருந்து எடுத்து பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. இந்த விஷயத்துல மட்டும் பிறகு பாத்துக்கலாம்ங்கற பேச்சே கெடையாது, கீ இல்லன்னா டிஸ்க்கு நல்லா இருந்தும் டேட்டா இல்ல.

லினக்ஸ் பக்கம் வந்தா கதை அதேதான், நம்பர் மட்டும் கண்ணுக்கு தெரியற மாதிரி இருக்கும், அதனால எனக்கு லினக்ஸ்ல இத சரி பண்றது இன்னும் பிடிக்கும். தமிழ்நாடு அரசு 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ்ங்கற (BOSS) லினக்ஸும் போட்டு குடுத்தாங்க, அதுக்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு இன்னும் ஓட்டற பசங்க நம்ம ஜில்லாவுல நெறைய. டிஸ்க் மாத்திட்டு ஆன் பண்ணா கிரப் ரெஸ்க்யூன்னு ஒரு வரி வந்து கர்சர் துடிச்சிட்டு இருக்கும். கிரப்ங்கறது லினக்ஸ எழுப்பற பூட் ப்ரோக்ராம். பயோஸ் வழியில அதோட மொத துண்டு மொத செக்டர்லயும், அடுத்த துண்டு அதுக்கும் மொத பார்ட்டிஷனுக்கும் நடுவுல இருக்கற காலி எடத்துலயும் இருக்கும், பார்ட்டிஷன மட்டும் காப்பி பண்ணா இந்த நடுத்துண்டு வரவே வராது, அப்போ அந்த ரெஸ்க்யூ வரி கூட வராது. வந்தாலும் அது தேடற யூயூஐடி, அதாவது நடுவுல கோடெல்லாம் சேத்து 36 எழுத்துல இருக்கற பார்ட்டிஷன் நம்பர், புதுசா ஃபார்மட் பண்ணதுல மாறியிருக்கும். லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, புது டிஸ்க்குல லினக்ஸ் இருக்கற ரூட் பார்ட்டிஷன மவுன்ட் பண்ணி (அதாவது தொறந்து இணைச்சு), டெவ், ப்ராக், சிஸ் மூணையும் பைண்ட் பண்ணி, யூஇஎஃப்ஐன்னா இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அதோட எடத்துல மவுன்ட் பண்ணி, சிஎச்ரூட் போட்டு உள்ள போயிடணும். உள்ள போனா நீங்க அந்த சிஸ்டத்துக்குள்ளயே ஒக்காந்திருக்கீங்கன்னு அர்த்தம், கிரப் இன்ஸ்டால், அப்டேட் கிரப், ரெண்டையும் ஓட்டுங்க.

டிடி கமாண்ட்ல டிஸ்க்க பைட்டுக்கு பைட் காப்பி பண்ணா யூயூஐடி மாறாது, அதனால பூட் பிரச்சனையும் அவ்வளவா வராது. ஆனா ரெண்டு டிஸ்க்கையும் சேத்து மாட்டி வெச்சுக்கக் கூடாது, பார்ட்டிஷனோட ஃபார்மட் எக்ஸ்எஃப்எஸ்னா ஒரே நம்பர்ல ரெண்டாவத மவுன்ட் பண்ண மாட்டேன்னு நின்னுக்கும், பிடிஆர்எஃப்எஸ்னா எது எதுன்னு கொழம்பி டேட்டாவையே கெடுத்துடலாம்.

பர்கூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி உபுன்டு லினக்ஸ் லேப்டாப்போட வந்தான், ஃபைலெல்லாம் ஆர்சிங்க்ங்கற காப்பி டூல்ல புது எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணி, கிரப்பும் அவனே போட்டுட்டான், ரூட்டோட யூயூஐடியும் எஃப்எஸ்டேப்ல (எந்த பார்ட்டிஷன எங்க மவுன்ட் பண்ணணும்னு எழுதியிருக்கற ஃபைல்) மாத்திட்டான், நல்லா செஞ்சிருக்கான். பூட்டும் ஆகுது. "ஆனா அண்ணா, எஸ்எஸ்டி போட்டும் ஹார்ட் டிஸ்க்க விட லேட்டா வருது, டிஸ்க்கு டூப்ளிகேட்டா இருக்குமோ?" ஆன் பண்ணி எஸ்கேப் அழுத்தி பாத்தோம், ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்னு ஒரு வரி, பின்னாடி ஒரு நீள யூயூஐடி, அதுக்கு பின்னாடி செகண்ட் ஓடிட்டு இருக்கு, ஒரு நிமிஷம் 30 செகண்ட் வரைக்கும்னு. லினக்ஸ்ல எல்லாத்தையும் தொடங்கி வெக்கற சிஸ்டம்டிங்கற ப்ரோக்ராம் ஒரு டிஸ்க்குக்காக காத்திருக்கற நேரம் 90 செகண்ட், அது யாருக்காக காத்திருக்குன்னு அந்த நம்பர்லயே இருக்கு. நம்பரோட மொத எட்டு எழுத்த பேப்பர்ல குறிச்சுட்டு, உள்ள போயி பார்ட்டிஷன் நம்பரெல்லாம் காட்டற பிஎல்கேஐடி கமாண்ட ஓட்டினோம், அந்த நம்பர்ல எந்த பார்ட்டிஷனும் இல்ல. எஃப்எஸ்டேப்ப தொறந்தா ரூட் வரிக்கு கீழ ஸ்வாப் (ராம் பத்தாதப்போ டிஸ்க்குல எடுத்துக்கற எடம்) வரி, பழைய டிஸ்க்கோட ஸ்வாப் நம்பர் அப்டியே ஒக்காந்திருக்கு. புது ஸ்வாப்போட நம்பர அங்க போட்டு, இனிட்ராம்எஃப்எஸ் டூல்ஸ் ஃபோல்டர்ல ரெஸ்யூம்ங்கற ஃபைல்லயும் அதே பழைய நம்பர் இருந்துச்சு, அதையும் மாத்தி, அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டி, ரீஸ்டார்ட் குடுத்தோம். தம்பி போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு வெச்சிருந்தான். லாகின் ஸ்கிரீன் வந்தப்போ 14 செகண்ட்.